பழைய ஜிப்ஸி, ஜீப்புகளில் மிஸ்ஸிங்: பெங்களூரு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் பழைய ஜிப்ஸியோ மகிந்திரா ஜீப்போ வைத்திருக்கும் தமிழர்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் மிஸ்ஸிங்கில், அதாவது எஞ்சினின் ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போவதில், வந்து நிற்கும். வண்டி குலுங்குகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. பொறி தரும் பிளக் மாற்றியாயிற்று, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் மாற்றியாயிற்று, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் மாற்றியாயிற்று; கோளாறு மட்டும் போகவில்லை. அப்படிப் பணத்தை இறைத்துவிட்டு நிற்பவர்கள் என்னிடம் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

1985 இறுதியில் வந்த 970 சி.சி. கார்புரேட்டர் ஜிப்ஸியும், 1996இல் வந்த 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங்கும்தான் முதலில் என் மனத்தில் இருக்கும் வண்டிகள். பெட்ரோல் ஜீப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். டீசலுக்குத் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

வண்டி குலுங்குகிறது. அது மிஸ்ஸிங்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மெல்ல முடுக்குங்கள். நின்ற இடத்திலேயே குலுங்கினால் எஞ்சின் பக்கம் பாருங்கள். ஓடும்போது மட்டும் குலுங்கினால் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், கிளட்ச், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஆனால் சுமை ஏறும்போது மட்டும் தலைகாட்டும் மிஸ்ஸிங்கும் உண்டு. ஆகவே நின்ற நிலையில் சீராக ஓடியதை வைத்து மட்டும் எஞ்சினை விட்டுவிடக் கூடாது.

பிறகு சைலன்சர் முனையில் காதை வையுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை எரியும். ஒரே சிலிண்டர் தொடர்ந்து விட்டுப்போனால் ஓசையில் நான்குக்கு ஒன்று சீரான இடைவெளியில் குறையும். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுப்போனால் கோளாறு எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: காயில், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் ரோட்டர், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட், கார்புரேட்டர் இவற்றில் ஒன்று. இந்த வேறுபாட்டைக் காதால் பிடித்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது? பிளக்கை மாற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம். எந்தச் சிலிண்டர் என்று தெரியும்வரை ஒரு பொருளையும் வாங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை, ஏனென்றால் பழைய வண்டிகள் கெடுவதைவிட, நன்றாக இருந்த பாகத்தைக் கழற்றிப் புதிதாகக் கெட்ட பாகத்தை மாட்டியதால் படுத்துப்போவதே அதிகம்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிடுங்கள். ரப்பர் கையுறை அணிந்து, காப்பிட்ட குறடால் பிளக் கம்பியை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்துக்கிடக்கும் சிலிண்டர். கழற்றிய கம்பியைச் சும்மா தொங்கவிடக் கூடாது. அதன் முனையில் பழைய பிளக் ஒன்றைச் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் மின்சாரம் இறங்க வழியில்லாவிட்டால் காயிலோ அதை இயக்கும் மின்னணு மாட்யூலோ போய்விடும். இங்கே பாய்வது பல்லாயிரம் வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

கம்பியைக் கழற்றத் தயங்குபவர்களுக்கு இன்னொரு வழி. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஒரு நிமிடம் ஓடவிட்டு, புகை வெளியேறும் கிளைக் குழாயான எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரியும் சிலிண்டரின் கிளையில் சொட்டு சீறி மறையும். எரியாத கிளையில் அது உருண்டு நின்று மெல்ல உலரும். ஒரு சொட்டு போதும். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும்.

சிலிண்டர் தெரிந்ததும் இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றாவது சிலிண்டர் செத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிளக்கை முதல் சிலிண்டருக்கும், முதலாவதன் பிளக்கை மூன்றுக்கும் மாற்றுங்கள். மிஸ்ஸிங் முதல் சிலிண்டருக்குப் போனால் குற்றவாளி பிளக். போகவில்லையென்றால் கம்பியையும் அதேபோல மாற்றுங்கள். அப்போதும் மூன்றிலேயே நின்றால் ரோட்டரை மூடியிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் மூன்றாம் சிலிண்டரின் முனையையும், அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் கலவை உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டு காற்று இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் எஞ்சினுக்குள்ளே போக வேண்டும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம், பார்க்க வேண்டும். இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

கழற்றிய பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நான்கையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். தனியாக ஒரு பிளக்கைப் பார்ப்பதைவிட நான்கையும் ஒப்பிட்டால்தான் விவரம் தெரியும்.

வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியே வரவில்லை. பிசுபிசுப்பான எண்ணெய் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் வறண்டு எரிகிறது. ஒன்று மட்டும் வெளுத்து மற்ற மூன்றும் பழுப்பாக இருந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். அந்தச் சிலிண்டர் பக்கத்து இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டில் காற்று புகுகிறது.

வெள்ளைப் பீங்கான் பகுதியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கரிக்கோடு ஓடினால் மின்சாரம் வெளிப்புறமாகவே வழிந்து பூமிக்குப் போகிறது. அந்தப் பிளக்கையும் அதன் ரப்பர் தொப்பியையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனென்றால் தொப்பியின் உள்ளேயும் அதே கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் கோடு புதிய பிளக்கிலும் வந்துவிடும்.

மழையிலும், ஓடையில் இறங்கி ஏறிய பிறகும் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது. ஏன்?

ஜூன் முதல் அக்டோபர் வரை நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. கம்பி, கேப், காயில் கழுத்து ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உலர்ந்த நாளில் சும்மா இருக்கும். ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட விரிசல் வழியே நழுவுவது எளிதாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். தெருவிளக்கு படாத இடத்தில், நன்றாக இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிடுங்கள். செடிகளுக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கம்பிகள்மேல் பனிபோல ஒரு முறை தெளியுங்கள். கெட்ட கம்பியிலிருந்து நீல நூல் ஒன்று எஞ்சின் உடலுக்குத் தாவும். கூடவே டிக் டிக் என்று ஓசை கேட்கும், எஞ்சினும் அந்த நொடியே தடுமாறும். எங்கே தாவுகிறது என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு எஞ்சினை அணையுங்கள். ஓடும் விசிறியிலிருந்து சட்டைக் கையையும் துப்பட்டாவையும் விலக்கி வையுங்கள்.

கேப்பைக் கழற்றினால் உள்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் விரிசல் தெரியாது. இரண்டு முனைகளுக்கு நடுவே முடிபோல் மெல்லிய கருங்கோடு இருந்தால் அந்தக் கேப் முடிந்தது. சுரண்டிவிட்டு மாட்டினால் அடுத்த மழைவரைதான் தாங்கும். நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

கம்பிகள் ஓடும் வழியும் முக்கியம். ஜிப்ஸியிலும் பெட்ரோல் ஜீப்பிலும் எரியும் வரிசை 1-3-4-2. மூன்றும் நான்கும் அடுத்தடுத்து எரிபவை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களும்கூட. அவற்றின் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நீளமாக ஓடினால் ஒன்றின் பொறி மற்றதில் எழும்பும். கிளிப் போட்டுப் பிரித்து வையுங்கள். கழுவும் கடைகளில் எஞ்சினுக்குள் அழுத்தத்தோடு தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது. சில்க் போர்டு நெரிசலில் மாட்டிச் சூடேறியதும் மிஸ் அடிக்கிறது.

சூட்டில் வரும் கோளாறு ஆறியதும் மறைந்துவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே வண்டி உத்தமமாக ஓடும். அதனால் மிஸ் அடிக்கும் அந்த நேரத்திலேயே பிடிக்க வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த கருவி கவ்வி வைத்த டைமிங் லைட்; கம்பியில் பொறி பாயும்போதெல்லாம் அது மின்னும். காயிலிலிருந்து கேப்புக்குப் போகும் நடுக்கம்பியில் கவ்வியை மாட்டி, எஞ்சின் தடுமாறும்போது விளக்கைக் கவனியுங்கள். விளக்கும் சேர்ந்து விட்டுவிட்டு மின்னினால் பொறியில் கோளாறு: சூடேறிய காயில், பாயின்டில் பொறி எழாமல் காக்கும் கன்டென்சர், பாயின்ட், மாட்யூல், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நைந்த ஒயர். விளக்கு சீராக மின்னியும் எஞ்சின் தடுமாறினால் அடுத்து கேப்பிலிருந்து போகும் நான்கு கம்பிகளிலும் மாட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் சீராக மின்னினால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோலில்.

பெட்ரோல் பக்கம் என்றால் நெரிசலில் முதல் சந்தேகம் வேப்பர் லாக். காற்றோட்டம் இல்லாத சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, எஞ்சினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் திரவத்துக்குப் பதிலாக ஆவியை இழுக்கும். ஈரத்துணியைப் பம்பின்மேலும் குழாயின்மேலும் போர்த்துங்கள். சில நிமிடங்களில் சரியானால் அதுதான். எக்சாஸ்டுக்கு அருகில் ஓடும் குழாயை விலக்கிக் கட்டி, கழற்றி எறியப்பட்ட வெப்பத் தகட்டைத் திரும்ப மாட்டுங்கள். பழைய ஜிப்ஸிகள் பலவற்றில் அந்தத் தகடு இருப்பதே இல்லை.

இரண்டும் இல்லையென்றால் எக்சாஸ்ட் வால்வின் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, இறுகியிருக்கலாம். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் முழுதாக மூடாது. ஐடிலிங்கில் மிஸ் அடித்து, முடுக்கினால் சரியாவது இதன் அடையாளம். இறுகிய டேப்பெட் ஓசை எழுப்பாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை, அதற்குள் வால்வு கருகிவிடும். இடைவெளி மிகச் சிறியது, எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் எஞ்சினுக்குரிய கையேட்டைப் பார்த்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்தே சரிசெய்யுங்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் மிஸ்ஸிங் தொடங்கியது என்று தோன்றுகிறது. உண்மையா?

கார்புரேட்டர் வண்டியில் அப்படி நடக்கப் போதிய காரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 6 அன்று இ20 அறிமுகப்படுத்தப்பட்டதே பெங்களூரில்தான். நம் வண்டிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவு வைக்கப்பட்டவை.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் கணக்கு சுமார் 13.5க்கு இறங்கும். புதிய வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் விடும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் இல்லை; ஜெட்டின் துளை விடும் அளவைத்தான் அது விடும். ஆகவே கலவை வறளும். முன்பே சற்று வறண்டு ஓடிய எஞ்சின் இப்போது மிஸ் அடிக்கும், குறிப்பாகக் குளிர்ந்த காலையிலும், பாதி ஆக்ஸிலரேட்டரில் சீராக ஓட்டும்போதும்.

சோதிக்க எளிய வழி: மிஸ் அடிக்கும்போது, காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்று இழுங்கள். சீரானால் கலவை வறண்டிருக்கிறது. ஆனால் உடனே ஜெட் மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் மேனிஃபோல்டு, கார்புரேட்டரின் அடிக்கட்டை, வாக்குவம் ரப்பர் குழாய்கள் ஆகியவற்றில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தெளித்ததும் ஐடிலிங் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சூடான எஞ்சினில் பெட்ரோலோ கிளீனரோ அடித்துச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றுக் கசிவு ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு ஐடில் மிக்சர் திருகைச் சற்றுத் திறந்து, மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் பார்க்கலாம்.

வேறு இரண்டு தொல்லைகளும் எத்தனாலோடு வரும். பழைய ரப்பர் குழாய்கள் உப்பி, உள்ளிருந்து கருந்துகள்களாக உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். அடுத்தது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்து இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கம்ப்ரஷன் பார்த்தேன். கையேட்டில் இருப்பதைவிட நான்கிலும் குறைவு. எஞ்சின் போய்விட்டதா?

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. கையேட்டின் அளவுகள் கடல்மட்டத்துக்கானவை. எனவே நான்கும் ஒரே அளவில் 10 சதவீதம் குறைந்திருந்தால் அது ஊரின் உயரம், எஞ்சினின் குற்றமில்லை. இதைச் சொல்லாமல் ரிங் போட வேண்டும் என்று எஞ்சினை இறக்கவைப்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜிலும் அப்படித்தான். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். உயரம் ஆயிரம் அடி கூடினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். பெங்களூரில் 14 முதல் 18 வரை முள் அசையாமல் நின்றால் மகிழ்ச்சியாக இருங்கள். அளவைவிட முள்ளின் நடத்தை முக்கியம்: சீரான தாளத்தில் துள்ளினால் ஒரு வால்வு மூடவில்லை.

கம்ப்ரஷனில் பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு. ஒன்று மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்குமேல் குறைந்தால் அந்தப் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கட் ஊதிவிட்டது. சோதிக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, காயிலின் இணைப்பைப் பிரித்து வையுங்கள். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும்.

உயரத்தால் காற்று மெலிவதால் கார்புரேட்டர் கலவை இங்கே சற்று அடர்த்தியாகிறது. இ20 செய்யும் வறட்சியை அது ஓரளவு ஈடுகட்டுகிறது. இங்கே சமாளித்து ஓடும் வண்டி ஆம்பூர், வாணியம்பாடி என்று இறங்கியதும் தடுமாறத் தொடங்குவது அதனால்தான்.

சமதரையில் ஒன்றுமில்லை. சக்லேஷ்பூர் பக்கம் செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கிறது.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் சாய்கிறது. சாயும் பக்கத்தைப் பொறுத்து ஜெட் வறண்டுபோகும், அல்லது பெட்ரோல் தொண்டைக்குள் வழியும். வழிந்தால் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும். வறண்டால் எந்த வாடையும் இல்லாமல் எஞ்சின் அமுங்கும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் உயரம் சரியாக இருக்கிறதா, ஊசி வால்வு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டேங்க்கில் பாதிக்குமேல் பெட்ரோல் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை மறக்காதீர்கள். பாறையில் உடல் முறுக்கும்போது அறுந்தும் அறாமலும் இருக்கும் பட்டை தொடர்பை விட்டுவிட்டுக் கொடுக்கும். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தால் சுமையில் எஞ்சின் சாய்ந்து ஒயரை இழுக்கும். இரண்டும் சில நூறு ரூபாய் வேலை. கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

உதிரிபாகம் எங்கே வாங்குவது?

ஜே.சி. ரோட்டில் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். அலசூர், சிவாஜிநகர், விவேக்நகர் பட்டறைகளில் தமிழிலேயே விளக்கிச் சொல்ல முடியும் என்பது நமக்குப் பெரிய வசதி. போலிப் பிளக்குகள் சந்தையில் உண்டு; எழுத்து மங்கலாக, மரை சொரசொரப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பாயின்ட் வாங்கினால் கன்டென்சரையும் சேர்த்து வாங்குங்கள். பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். ஓடிக்கொண்டிருந்த பழைய கன்டென்சரைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே வையுங்கள், புதியவை சில நாளிலேயே போவது உண்டு.

என்னுடையது எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸி, கார்புரேட்டருக்குப் பதில் கணினி பார்த்து இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை. இதெல்லாம் பொருந்துமா?

சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் முறையும் கம்ப்ரஷனும் பொருந்தும். கார்புரேட்டர் கதைகள் பொருந்தாது. அவற்றுக்குப் பதில் இன்ஜெக்டர், சென்சார், பெட்ரோல் பம்பின் அழுத்தம். கோளாறைத் தானே பதிவுசெய்யும் ஓ.பி.டி. வசதியுள்ள பிந்தைய வண்டிகளில் ஸ்கேனர் மாட்டிக் கோளாறு எண்ணைப் பார்க்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது, பி0300 என்றால் பரவலாக. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் கம்பியைக் கழற்றி நெடுநேரம் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

டீசல் ஜீப்பில்?

பொறி தரும் பிளக் இல்லை, ஆகவே இன்ஜெக்டரும் காற்றும்தான். ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கியிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, பிளீட் செய்து அதை வெளியேற்றுங்கள். ஒரு சிலிண்டர் என்றால் ஐடிலிங்கில் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள்; தளர்த்தியும் ஓசை மாறாத இடத்தில் கோளாறு. கண்ணாடி அணியுங்கள், தளர்த்தும் இடத்தில் துணி சுற்றுங்கள், விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளைத்தால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சீட்டை எறியாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அதிகம் என்றால் கலவையில் பெட்ரோல் கூடுதல். அது அளவுக்குள் இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, அதாவது மிஸ்ஸிங். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க நிற்பவர்கள் மிக்சர் திருகை இறுக்கி இதைச் சமாளிக்கப் பார்ப்பார்கள். கலவை இன்னும் வறண்டு ஹைட்ரோகார்பன் மேலும் ஏறும்.

வழியில் ஒரு சிலிண்டர் நின்றுவிட்டது. மூன்றிலேயே வீடு வந்து சேரலாமா?

கார்புரேட்டர் வண்டியில் மெதுவாக, சுமை ஏற்றாமல், அருகிலுள்ள ஊர்வரை வரலாம். வெப்ப முள்ளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். சைலன்சரில் வெள்ளைப் புகையும் ரேடியேட்டரில் குமிழியும் தெரிந்தால் ஹெட் கேஸ்கட். அங்கேயே நிறுத்தி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

எரியாத சிலிண்டருக்குள் பெட்ரோல் தொடர்ந்து போகும். அது சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, ரிங்கைத் தாண்டி ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். வீடு சேர்ந்ததும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, எண்ணெய் மட்டம் கிளம்பியபோது இருந்ததைவிட ஏறியிருந்தாலோ, மிஸ்ஸிங்கைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் எஞ்சினை மறுபடி ஓட்ட வேண்டும்.